மரணத்தின் காலமும் வைரசின் தேவையும்: பூச்சி வைரசு ஆய்வின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு மேதை சிந்தித்தார், ஓர் உண்மை வெளிப்பட்டது என்னும் முறையில் அமையும் அத்தகைய வரலாறு, அவ்வுண்மை ஏன் அக்காலத்தில், அவ்விடத்தில், அச்சொற்களில் வெளிப்பட்டது என்ற வினாவை எழுப்புவதில்லை. அறிவு என்பது சமூக மனிதனின் உற்பத்திச் செயற்பாட்டோடு பிணைந்து வளர்வது என்று கொள்வோர்க்கு இவ்வினாவே முதன்மையானது.

பூச்சிகளைத் தாக்கும் வைரசுகள், தாம் புகுந்த கலங்களின் மரணத்தை எவ்வாறு கையாளுகின்றன என்பது இன்றைய உயிரியலில் நன்கு ஆராயப்பட்ட விடயங்களுள் ஒன்று. இலக்கிய ஆய்வாளராகிய நாம் இவ்விடயத்தில் தலையிடுவதற்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, பட்டுத் தறியில் தொடங்கித் தடுப்பூசித் தொழிற்சாலை வரை செல்லும் இவ்வறிவின் வரலாறு, உற்பத்திக்கும் ஆய்வுக்கும் இடையிலான உறவைத் தெளிவாகக் காட்டுவதாகும். இரண்டாவது, தற்கொலை, தியாகம், நிகழ்ச்சித் திட்டம் முதலாய சொற்கள் சமூக வாழ்விலிருந்து கலத்தின் வாழ்வுக்குச் சென்று, அங்கு விஞ்ஞானத்தின் முத்திரையைப் பெற்று, மீண்டும் சமூகத்துக்கே போதனையாகத் திரும்பி வருகின்றன. இச்சொற்களின் பயணத்தைக் கவனித்தல் மொழியையும் கருத்துநிலையையும் ஆராய்வோரின் கடமைகளுள் ஒன்று என நாம் கருதுகிறோம்.

2

பட்டுப்புழுவின் மஞ்சள் நோயிலிருந்தே இவ்வரலாற்றைத் தொடங்குதல் வேண்டும். 1527ஆம் ஆண்டு இத்தாலிய மனிதநேயவாதியும் கிறித்தவ குருவுமாகிய மார்க்கோ ஜிரோலாமோ வீடா, பட்டுப்புழு வளர்ப்புப் பற்றி இலத்தீன் மொழியில் நெடும்பாடல் ஒன்றை வெளியிட்டார். பூச்சி நோயியலின் வரலாற்றை எழுதியோர், இன்று வைரசு நோய் என அறியப்படும் மஞ்சள் நோய் பற்றிய தொடக்ககாலக் குறிப்புகளுள் ஒன்றாக அப்பாடலைச் சுட்டுவர். ஒரு வைரசு நோயின் செய்தி விஞ்ஞான நூலில் அன்றிச் செய்யுளிலே முதலிற் பதிவாயிற்று என்பதில் வியப்பில்லை. வட இத்தாலியின் செல்வத்துக்குப் பட்டு ஆதாரமாயிருந்த காலத்தில், பட்டுப்புழுவின் நலம் கவிதைக்குரிய பொருளாவது இயல்பே.

பட்டுத் தொழில் விரிவடைந்தபோது நோய் பற்றிய அக்கறையும் கூர்மையடைந்தது. 1835இல் அகொஸ்தினோ பாசி, பட்டுப்புழுக்களை வெண்மையாக உறையச் செய்து கொல்லும் நோய் ஒன்றுக்கு நுண்ணிய பங்கசு ஒன்றே காரணம் என நிறுவினார். ஒரு விலங்கின் தொற்றுநோய்க்கு நுண்ணங்கியே காரணம் என்பதை நிறுவிய முன்னோடி ஆய்வு இதுவே. 1856இல் எமிலியோ கொர்னாலியாவும் அஞ்செலோ மயெஸ்திரியும், மஞ்சள் நோயுற்ற புழுக்களின் உடலில் ஒளியை முறிக்கும் பன்முகப் பளிங்குத் துகள்களை நுணுக்குக்காட்டியின்கீழ்க் கண்டனர். அவை நோயின் காரணமா, விளைவா என்ற வினாவுக்கு விடை காண அரை நூற்றாண்டும் அதற்கு மேலும் தேவைப்பட்டது.

இக்காலப் பகுதியிலேயே பிரான்சின் பட்டுத் தொழில் பெரும் நெருக்கடிக்குள்ளாயிற்று. 1853இல் சுமார் 26,000 தொன்னாக இருந்த கூட்டு உற்பத்தி, 1865 அளவில் சுமார் 4,000 தொன்னாக வீழ்ந்தது. அரசின் வேண்டுகோளின்பேரில் லூயி பாஸ்டர் 1865இல் தென் பிரான்சின் அலே பகுதிக்குச் சென்றார். பல ஆண்டுகள் உழைத்து, தம் முடிவுகளை 1870இல் நூலாக வெளியிட்டார். அவர் முதன்மையாக ஆராய்ந்தது வைரசு நோயையன்று. நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்றால் விளையும் வேறொரு நோயையே. எனினும் பூச்சியின் உடல்நலம் அரசின் கவலையாக மாறியமைக்கு இது தக்க சான்று. இதே பட்டை நெய்த லியோன் நகரத் தொழிலாளர் 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்தனர் என்பதையும், அவற்றுள் முன்னதைத் தொழிலாளர் வர்க்கத்தின் முதல் எழுச்சியாக ஏங்கெல்ஸ் கணித்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது. புழுவின் நோய்க்கு அரசு விஞ்ஞானியை அனுப்பியது. நெசவாளரின் வறுமைக்கு அனுப்பப்பட்டது படையே.

1907இல் வொன் ப்ரோவாசெக், நோயுற்ற புழுவின் சாற்றை வடித்துப் பளிங்குத் துகள்களை நீக்கிய பின்னரும் அச்சாறு நோயை உண்டாக்கியதைக் காட்டினார். 1947இல் கெர்னோட் பேர்கோல்ட், இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையோடு, பளிங்குகளினுள்ளே கோல் வடிவான வைரசுத் துகள்கள் பொதிந்திருப்பதை வெளிப்படுத்தினார். கோல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே பகுலோவைரசு என்னும் பெயர்.

இந்நோயின் போக்கை இங்குச் சுருக்கமாகக் கூறுதல் அவசியம். இலையோடு சேர்த்து உண்ணப்பட்ட பளிங்கு, புழுவின் குடலிலுள்ள காரநீரிற் கரைகிறது. வெளிப்பட்ட வைரசுகள் முதலிற் குடற்கலங்களையும் பின்னர் உடலின் ஏனைய இழையங்களையும் பற்றுகின்றன. கலத்தின் கருவில் வைரசுகள் பெருகி, புதிய பளிங்குகளாகப் பொதியப்படுகின்றன. சில நாட்களில் புழுவின் உடல் உருகி நீராகி, பளிங்குகள் இலைகள்மீது சிந்துகின்றன. இறக்குமுன் புழு செடியின் உச்சிக்கு ஏறுவதைக் கண்ட ஜேர்மானிய வனவியலாளர் இதனை மரவுச்சி நோய் என்றே அழைத்தனர். வைரசுக்குத் தேவையானது புழுவின் மரணமே; ஆயின் அது உரிய வேளைக்கு முன்னர் நிகழ்தலாகாது. இக்காலக்கணக்கே நமது ஆய்வுப் பொருளின் மையம்.

3

வைரசின் வரலாற்றுக்குப் புறம்பாக, கலத்தின் மரணம் பற்றிய சிந்தனை வேறொரு வழியில் வளர்ந்து வந்தது. 1842இல் காள் வோக்ட், வளர்ச்சியுறும் தேரைக் குடம்பிகளிற் கலங்கள் இயல்பாகவே மடிவதை அவதானித்தார். ஆயினும் கலங்களின் மரணம் சேதத்தின் விளைவு, அழிவின் அடையாளம் என்ற எண்ணமே நெடுங்காலம் மேலோங்கி நின்றது. வளர்ச்சியின் ஒரு கூறாக மரணத்தை நோக்கும் பார்வை உறுதிபெறுவதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்கும் பட்டுப்பூச்சியே களமாயிற்று. 1964, 1965ஆம் ஆண்டுகளில் றிச்சர்ட் லொக்‌ஷினும் கரோல் வில்லியம்சும், கூட்டிலிருந்து வெளிப்பட்ட பட்டு அந்துப்பூச்சியின் வயிற்றுத் தசைகள் சில, தம் பணி முடிந்ததும் ஒழுங்கான முறையில் மடிவதை ஆராய்ந்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் ‘நிகழ்ச்சித் திட்டத்துக்கமைந்த கலமரணம்’ என்பதாகும். கணினி சமூக வாழ்வில் நுழைந்துகொண்டிருந்த பத்தாண்டில் உயிரியல் இச்சொல்லைக் கைக்கொண்டமை தற்செயலானதன்று. கடிகாரம் கோலோச்சிய காலத்தில் உடல் கடிகாரமாகவும், நீராவி இயந்திரத்தின் காலத்தில் வெப்ப இயந்திரமாகவும் கருதப்பட்டவாறே, நமது காலத்தில் அது கட்டளைகளை நிறைவேற்றும் பொறியாகக் கருதப்படலாயிற்று.

1972இல் ஜோன் கெர், அன்ட்றூ வைலி, அலஸ்தயர் கறி ஆகிய மூவரும் இவ்வகை மரணத்தின் உருவ அமைப்பை வரையறுத்தனர். காயமுற்ற கலம் வீங்கி வெடிக்கின்றது. அதன் உள்ளடக்கம் சிதறி அயலிழையங்களை அழற்சிக்குள்ளாக்குகின்றது. ஒழுங்காக மடியும் கலமோ சுருங்கி, கருவின் பொருள் இறுகி, மென்சவ்வால் மூடிய சிறு துண்டங்களாகப் பிரிகின்றது. அயற்கலங்கள் அத்துண்டங்களை உட்கொண்டுவிடுகின்றன. இதற்கு அவர்கள் அப்போப்டோசிஸ் எனப் பெயரிட்டனர். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் இக்கிரேக்கச் சொல்லை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவர் அபடீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கோமக் ஆவார். ‘கலவுதிர்வு’ என நாம் இக்கட்டுரையில் வழங்குவது அச்சொல்லின் மூலப்பொருளுக்கு இயைந்ததே. ஆயின் ஆங்கில வெகுசன நூல்களிலும் பின்னர் ஆய்வேடுகளிலும் உதிர்வைக் காட்டிலும் தற்கொலை என்ற சொல்லே செல்வாக்குப் பெற்றது. இதன் விளைவைப் பின்னர் நோக்குவோம்.

4

தனித்தனியே வளர்ந்த இவ்விரு வரலாறுகளையும் ஒன்றிணைத்தது நவீன வேளாண்மையே. 1930களில் கிழக்குக் கனடாவின் ஸ்புரூஸ் மரங்களைத் தின்றழித்த ஐரோப்பியப் பூச்சியொன்று, வைரசு நோயொன்று பரவியதால் 1940களின் தொடக்கத்தில் அடங்கிப்போயிற்று. அப்பூச்சிக்கு எதிராக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிகளோடு அவ்வைரசும் வந்து சேர்ந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. வைரசைப் பூச்சிகொல்லியாகப் பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கை இதனால் வலுப்பெற்றது. 1975இல் பருத்திக் காய்ப்புழுவுக்கு எதிரான வைரசுத் தயாரிப்பு ஒன்று அமெரிக்காவில் எல்கார் என்ற பெயரிற் பதிவு செய்யப்பட்டது. ஆயினும் அது சந்தையில் நிலைக்கவில்லை. ஓரிரு இனப் பூச்சிகளை மட்டுமே தாக்குதல், கொல்லச் சில நாட்கள் எடுத்தல் ஆகியன இவ்வைரசுகளின் இயல்புகள். சூழலுக்கு நன்மையான இவ்வியல்புகளே வணிகக் கணக்கிற் குறைபாடுகளாயின. ஒரே தெளிப்பிற் பல பூச்சிகளை உடனே கொல்லும் செயற்கைப் பைரித்திரொயிட்டுகளுடன் அதனாற் போட்டியிட முடியவில்லை.

வைரசுகளைப் புழுவின் உடலுக்கு வெளியே வளர்க்கவேண்டிய தேவை, பூச்சிக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்க்கும் முறையை ஊக்குவித்தது. 1977இல் படைப்புழுவின் கூட்டுப்புழுச் சூலக இழையத்திலிருந்து பெறப்பட்ட கலவழி ஒன்று அறிவிக்கப்பட்டது. உலகின் ஆய்வுகூடங்களிற் பெருவழக்குப் பெற்ற அக்கலவழியும் அதன் கிளையும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. 1983இல் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேல் சிமித், மக்ஸ் சமர்ஸ் ஆகியோரும் அவர்தம் சகாக்களும், பளிங்குப் புரதத்தின் பரம்பரையலகு இருந்த இடத்தில் மனித இன்ரபெரோனின் பரம்பரையலகை அமைத்து, பூச்சிக் கலங்களைக்கொண்டு அப்புரதத்தை உற்பத்தி செய்து காட்டினர். இம்முறைக்குக் காப்புரிமையும் பெறப்பட்டது. வைரசினாற் பற்றப்பட்ட கலம் இவ்வாறு புரத உற்பத்திச் சாலையாயிற்று. கலம் எத்துணை நேரம் உயிரோடிருக்கும் என்ற வினா இதனாற் புதிய பொருளாதார முக்கியத்துவம் பெற்றது.

5

இச்சூழலிலேயே ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் லோயிஸ் மில்லரின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய றொலி கிளெம், மார்க்கஸ் பெக்கைமருடனும் மில்லருடனும் சேர்ந்து 1991இல் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். இயல்பான வைரசு புகுந்த படைப்புழுக் கலங்கள் சில நாட்கள் உயிரோடிருந்து வைரசுகளைப் பெருக்கின. விகாரி வைரசு ஒன்று புகுந்த கலங்களோ ஏறத்தாழ ஒரு நாளுக்குள் கொப்புளித்துத் துண்டங்களாக உதிர்ந்தன, அவற்றின் டி.என்.ஏயும் ஒழுங்கான அளவுகளில் துண்டாடப்பட்டிருந்தது. அவ்விகாரியில் பழுதுற்றிருந்தது பி35 எனப்படும் பரம்பரையலகு. முடிவு தெளிவானது. வைரசு நுழைந்தமை கலத்தின் உதிர்வைத் தூண்டுகின்றது. அதே வைரசு அவ்வுதிர்வைத் தடுக்கும் புரதம் ஒன்றையும் உற்பத்தி செய்கின்றது.

இதன் பொருளைச் சிறிது விரித்து நோக்கவேண்டும். வைரசின் டி.என்.ஏ பெருகத் தொடங்குவது கலத்துக்கு அபாய அறிகுறியாகின்றது. கலம் முன்கூட்டியே மடிந்தால் வைரசு முதிர்வதற்கு அவகாசம் கிட்டாது. பி35 பழுதுற்ற வைரசு படைப்புழுக் கலங்களில் மிகக் குறைவாகவே பெருகியது; படைப்புழுக் குடம்பிகளைக் கொல்ல அதன் அளவு பன்மடங்கு கூடுதலாகத் தேவைப்பட்டது. கலத்தின் மரணம் பூச்சியைக் காக்கும் ஒரு தற்காப்பு முறை என்பதற்கு இது வலிய சான்றாயிற்று. ஆனால் முட்டைக்கோசைத் தின்னும் வேறோர் அந்துப்பூச்சியின் கலங்களில் இவ்விகாரி எவ்வித இடர்ப்பாடுமின்றிப் பெருகிற்று. ஒரு பரம்பரையலகின் முக்கியத்துவம் அதனுள் மாத்திரம் இல்லை. அது எந்தக் கலத்தில், எந்த உறவில் இயங்குகின்றது என்பதிலேயே உள்ளது.

பி35 எவ்வாறு செயற்படுகின்றது என்பது 1995இல் தெளிவாயிற்று. கலவுதிர்வை நிறைவேற்றுவன கஸ்பேசு எனப்படும் புரதவெட்டி நொதியங்கள். பி35 அந்நொதியத்துக்குத் தன்னை இரையாகக் கொடுக்கின்றது. நொதியம் அதனை வெட்டுகின்றது; வெட்டுண்ட புரதம் நொதியத்தின் வாயிலேயே பிணைந்துகொண்டு அதனை முடக்குகின்றது. வெட்டும் செயலே வெட்டியைச் சிறைப்படுத்துவதாகின்றது.

இதற்கிடையே 1993இல் நோமன் குறூக், கிளெம், மில்லர் ஆகியோர், அப்பிள் பழத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் வைரசிலிருந்து முற்றிலும் வேறான ஒரு பரம்பரையலகைக் கண்டனர். பி35 இழந்த வைரசுக்கு அது ஈடு செய்தது. ‘உதிர்வுத் தடுப்பி’ என நாம் அழைக்கத்தக்க இப்புரதக் குடும்பத்தின் உறவினர் 1995 முதல் பழ ஈயிலும் மனிதரிலும் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டனர். மனித உடலிலுள்ள எக்ஸ்ஐஏபி என்ற புரதம் கஸ்பேசுகளை நேரடியாகவே தடுப்பது 1997இல் நிறுவப்பட்டது. சில புற்றுநோய்க் கலங்களில் இப்புரதங்கள் மிகுந்து காணப்படுகின்றமையால், அவற்றை முறியடிக்கும் மருந்துகள் மருத்துவப் பரிசோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டன. பி35 உம் பூச்சியின் எல்லையைக் கடந்தது. வட்டப்புழு, பழ ஈ, பாலூட்டிகளின் நரம்புக் கலம் ஆகியவற்றில் அதனைப் புகுத்தியபோது அங்கும் கலமரணம் தடைப்பட்டது. மிகத் தொலைவான விலங்குகள் பொதுவான ஒரு மரணப் பொறிமுறையைக் கூர்ப்பின்வழிப் பெற்றுள்ளன என்பதற்குப் பட்டுத் தொழிலின் பகைவராய் அறியப்பட்ட வைரசுக் குடும்பமே சான்று பகர்ந்தது.

இங்கு மற்றொன்றும் மனங்கொள்ளத்தக்கது. வைரசிலுள்ள உதிர்வுத் தடுப்பிகள் பூச்சிகளிடமிருந்தே கவரப்பட்டன என்பது பரம்பரையலகுகளை ஒப்பிட்டாராய்ந்தோரின் கருத்து. கலம் தன் மரணத்தை அடக்கி வைத்திருக்க ஆக்கிய கருவியையே வைரசு பறித்துக் கலத்துக்கெதிராகத் திருப்பியுள்ளது. காக்கும் கருவி, கைமாறியபோது சுரண்டும் கருவியாயிற்று.

6

எல்லாப் பூச்சி வைரசுகளும் மரணத்தைத் தடுப்பனவாயின் நமது வரலாறு எளிதாக முடிந்திருக்கும். 1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பிறையன் பெடரிசி விவரித்த அஸ்கோவைரசுகள் நேர்மாறானவை. குளவிகள் முட்டையிடுவதற்காகப் புழுவைக் குத்தும்போது இவை ஒரு புழுவிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுகின்றன. இவற்றாற் பற்றப்பட்ட கலம் உதிர்வை ஒத்த முறையிற் பிரிகின்றது. ஆனால் பிரிந்த துண்டங்கள் அழிவதில்லை. அவை வைரசு பெருகும் பைகளாகி, புழுவின் குருதியில் நீந்துகின்றன. படைப்புழுவைத் தாக்கும் அஸ்கோவைரசு ஒன்று, கஸ்பேசு நொதியம் ஒன்றையே தன் பரம்பரையலகிற் கொண்டிருப்பது 2005இல் அறிவிக்கப்பட்டது. பகுலோவைரசு எந்நொதியத்தை முடக்குகின்றதோ, அவ்வகை நொதியத்தையே அஸ்கோவைரசு உற்பத்தி செய்கின்றது.

முரணாகத் தோன்றும் இவ்விரு செயல்களும் அடிப்படையில் ஒன்றே. மரணம் நிகழ்வதா, நிகழாதா என்பதன்று வைரசின் பிரச்சினை. மரணத்தின் காலமும் வடிவமும் எவர் கையில் உள்ளன என்பதே பிரச்சினை. பகுலோவைரசு காலத்தைக் கைப்பற்றுகின்றது; அஸ்கோவைரசு வடிவத்தைக் கைப்பற்றுகின்றது. இரண்டிலும் இறுதியிற் கலம் பிழைப்பதில்லை.

7

இனி, சொற்களின் பிரச்சினைக்கு வருவோம். கலம் தற்கொலை செய்கின்றது, உடலின் நலனுக்காகத் தன்னைத் தியாகம் செய்கின்றது என்னும் தொடர்கள் பாடநூல்களிலும் சஞ்சிகைகளிலும் மலிந்துள்ளன. தற்கொலைக்கு ஒரு தன்னுணர்வு வேண்டும். தியாகத்துக்கு மறுக்கும் வாய்ப்பு வேண்டும். இவையிரண்டும் இல்லாத கலத்துக்கு இச்சொற்கள் எவ்வாறு பொருந்தும்? விளக்கத்துக்கான உவமையே இது எனச் சிலர் கூறுவர். உவமை அப்பாவித்தனமானதன்று என்பதற்கு வரலாறே சான்று.

1848இல் மேற்சிலேசியாவின் கொள்ளைநோய்க்கு வறுமையையும் அடக்குமுறையையும் காரணமாகச் சுட்டிய சனநாயகவாதி ருடோல்வ் விர்ச்சோ, உடலைக் கலங்களாகிய பிரசைகளின் சமுதாயமாக வருணித்தார். அவருடைய உவமையிற் சமத்துவத்தின் சாயல் இருந்தது. ஏணஸ்ட் ஹெக்கலின் கையில் அதே உவமை மாறி, உயர் விலங்கின் உடல் முடியாட்சிக்கு ஒப்பிடப்பட்டது. தேசத்தை உடலாகவும் தனிமனிதரை அவ்வுடலின் கலங்களாகவும் உருவகித்து, கூட்டு நலனுக்காகச் சிலர் மடிதல் இயற்கையின் நியதி என்று போதித்த பாசிசம் எத்தகைய அழிவைக் கொணர்ந்தது என்பதை இருபதாம் நூற்றாண்டு கண்டது. சாவதற்கு எவரைத் தெரிவது என்பதை ஆளும் வர்க்கம் தீர்மானித்துவிட்டு, அதற்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பது பழைய தந்திரம்.

இடதுசாரிகளாகிய நம்மவர்க்கும் இதே வகையான சபலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். வைரசு மூலதனம், கலம் தொழிலாளி, பி35 வேலைநாளை நீட்டும் உத்தி என்று ஓர் உருவகத்தை இக்கட்டுரையின் தரவுகளைக்கொண்டே எளிதாகக் கட்டிவிடலாம். கேட்பதற்கும் அது சுவையாக இருக்கும். ஆயின் மூலதனம் ஒரு சமூக உறவு; வைரசு ஒரு கூர்ப்பு விளைவு. சமூக உறவை மனிதர் மாற்றலாம் என்பதே நமது கொள்கையின் உயிர்நாடி. அதனை இயற்கை நிகழ்வாக உருவகிப்பவர், தாம் அறியாமலே, சுரண்டலை நித்தியமாக்கும் வாதத்துக்குத் துணைபோகின்றார்.

ஏங்கெல்ஸ், இயற்கையின் இயக்கவியல் பற்றிய தம் குறிப்புகளில், மரணத்தை வாழ்வின் இன்றியமையாத கூறாகக் கொள்ளாத உடலியல் விஞ்ஞானமாகாது என்னும் கருத்தை வெளியிட்டுள்ளார். 1925இலேயே அச்சேறிய அக்குறிப்புகளின் தொலைநோக்கு வியக்கத்தக்கது. ஆயினும் கலவுதிர்வு பற்றிய கண்டுபிடிப்பு ஏங்கெல்சை மெய்ப்பிக்கின்றது என்று முழங்குவதால் விஞ்ஞானமும் வளராது, மார்க்சியமும் வளராது. தத்துவ நூலிலிருந்து உயிரியலைப் பெற முனைந்ததன் விளைவைச் சோவியத் நாடு லைசென்கோவின் காலத்தில் அனுபவித்தது. 1943இல் நிக்கொலாய் வவிலோவ் சிறையில் மாண்டார். 1948இல் மரபியல் ஆய்வு அதிகாரபூர்வமாகவே கண்டிக்கப்பட்டது. இயக்கவியல் நமக்குத் தருவது விடைகளையன்று. வினாக்களை எழுப்பும் முறையையே. மரணத்தை வாழ்வின் எதிர்முனையாக மட்டுமன்றி அதன் உள்ளியக்கமாகவும் தேடு என்று அது கூறும். பி35 எவ்விடத்தில் வெட்டுண்கின்றது என்பதை ஆய்வுகூடமே கூறவேண்டும்.

எனவே தமிழிற் கலைச்சொல் ஆக்குவோர் தற்கொலை, தியாகம் ஆகிய சொற்களைத் தவிர்த்து, உதிர்வு என்னும் சொல்லைக் கைக்கொள்வது நலம் என நாம் கருதுகிறோம். இலை உதிர்வது மரத்தின் இயக்கம். அதில் வீரமும் இல்லை, குற்றமும் இல்லை.

8

உருவகத்தை நிராகரிப்பதாற் சமூக வினா மறைந்துவிடுவதில்லை. அது தனக்குரிய இடத்துக்கு, அதாவது அறிவின் உடைமை பற்றிய வினாவுக்கு, வந்து சேர்கின்றது. எல்கார் சந்தையில் தோற்ற வேளையில், பிரேசிலில் அரசின் வேளாண் ஆய்வு நிறுவனமாகிய எம்பிராபா 1980களின் தொடக்கம் முதல் சோயா அவரைப் புழுவுக்கெதிராகப் பகுலோவைரசைப் பரப்பியது. நோயுற்று மடிந்த புழுக்களை வயலிலிருந்தே திரட்டி, சேமித்து, நீரிற் கரைத்து மீண்டும் தெளிக்கும் முறை விவசாயிகளுக்குக் கற்பிக்கப்பட்டது. இத்திட்டம் உச்சநிலையில் சுமார் 20 இலட்சம் எக்டேயரை எட்டியது. பின்னர் சோயாச் செய்கை முறைகளும் இரசாயனத் தெளிப்புப் பழக்கங்களும் மாறியபோது அது சுருங்கிற்று. விற்பனைக்கு ஏற்றதன்று எனக் கைவிடப்பட்ட வைரசுவகை, பொது நிறுவனத்தின் ஆதரவில் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தமையும், அவ்வாதரவின் எல்லைகளும் ஒருங்கே இதிற் புலப்படுகின்றன.

மறுபுறம், அதே வைரசுக் குடும்பத்தின் துணையோடு பூச்சிக் கலங்களில் உற்பத்தியாகும் இன்புளுவென்சாத் தடுப்பூசி 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2021இல் கொவிட் தடுப்பூசி ஒன்றும் இம்முறையில் உருவாகிப் பயன்பாட்டுக்கு வந்தது. பி35 கலத்தின் உதிர்வைத் தாமதிக்கும் அந்த இடைவேளையிலேதான் இப்புரதங்கள் உற்பத்தியாகின்றன. பொதுப்பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் அடிப்படை ஆய்வில் விளைந்த அறிவு, விலைகொடுக்க வல்லோர்க்கு முதலிற் பயன்படும் பண்டமாக மாறியமை கொள்ளைநோய்க் காலத்தில் உலகின் ஏழை நாடுகள் அனுபவித்த உண்மை.

இவ்வரலாறு நமது நாட்டுக்கு அந்நியமானதுமன்று. எந்தப் பூச்சியின் கலங்களில் பி35இன் செயல் கண்டறியப்பட்டதோ, அந்தப் படைப்புழுவே 2016இல் ஆபிரிக்காவையும் 2018இல் இலங்கையையும் வந்தடைந்து, சேனா என்ற பெயரோடு சோளச் செய்கையாளரின் விளைச்சலை அழித்தது. ஆய்வுகூடங்களில் நாற்பதாண்டுகளாக வளர்க்கப்பட்டு, உலகில் மிக நுணுக்கமாக அறியப்பட்ட கலங்களுக்குரிய பூச்சி, வயலில் வந்திறங்கியபோது விவசாயியின் கையில் இருந்தது பெரும்பாலும் இரசாயனத் தெளிகருவியே. அறிவு இல்லாமையால் நேர்ந்த அவலமன்று இது. அறிவு ஓரிடத்திலும் அதன் தேவை பிறிதோரிடத்திலும் இருந்தமையால் நேர்ந்தது.

வைரசு கலத்தின் மரணத்தைத் தன் தேவைக்கேற்பக் காலங்கணிக்கின்றது. அதற்கு நீதி, அநீதி எதுவுமில்லை. மனிதர் பெற்ற அறிவு எப்போது, எவரிடம் சென்றடைவது என்பதைக் காலங்கணிப்பது சமூக உறவுகளே. அவ்வுறவுகள் இயற்கையால் விதிக்கப்பட்டனவல்ல. ஆதலால் அவை மாற்றத்துக்குரியன. பூச்சி வைரசின் வரலாற்றைத் தமிழில் எழுதுவதும், அதன் சொற்களை உரைத்துப் பார்ப்பதும், அவ்வறிவை உரியவரிடம் கொண்டுசெல்லும் பணியின் ஒரு சிறு பகுதியே என்பது நமது துணிபு.